ஜோம்ரேயின் கொல்லையில் மலைப்பூண்டு

தல்சு மலையிலிருந்து விழுந்துவிட்டார் என்ற சேதியை அவருடைய கூட்டாளி மான்போக் கொண்டுவந்தபோது, தல்சுவின் மனைவி ஜோம்ரே விதைக்குப் போட வேண்டிய உருளைக்கிழங்குகளை முளை பார்த்து அறுத்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணி! அண்ணே விழுந்துட்டாரு!"

கத்தி எங்கே விழுந்தது என்று அவளுக்குத் தெரியாது. கிழங்குக் கூடை உருண்டது.

"ஐயோ, இல்ல அண்ணி, சாகல! மரத்துல தொங்கிக்கிட்டிருக்காரு. தொங்கிக்கிட்டே என்னைத் திட்டுறாரு. வடக்கயிறு இருந்தா எடுத்துட்டு வான்னாரு."

முதலில் சொல்ல வேண்டியதைக் கடைசியில் சொல்வது மான்போக்கின் பிறவிக்குணம். அவனுக்கு அன்று ஒரு அறை விட்டிருக்க வேண்டும் என்று ஜோம்ரே பின்னாளில் பலமுறை நினைத்ததுண்டு. அப்போது அதற்கெல்லாம் நேரமில்லை. படகைக் கட்டும் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினாள். ஊரே பின்னால் ஓடியது. செங்குத்துப் பாறையின் நடுவில் முளைத்திருந்த ஒரு கோணல் மரத்தில் தல்சு குப்புறக் கிடந்தார். மரத்துக்குக் கீழே பாறை, பாறைக்குக் கீழே கடல். முதுகில் கட்டிய கோணிப்பை மட்டும் அவிழவில்லை. அதற்குள் பச்சைப் பசேலென்று மியோங்கி.

மலைப்பூண்டுக்கு உல்லுங் தீவில் அதுதான் பெயர். உயிர் என்று அர்த்தம். கடலுக்கு அப்பாலுள்ள பெரிய நிலத்திலிருந்து முதன்முதலாகப் படகேறி இங்கே குடியேறியவர்கள், கொண்டுவந்த தானியமெல்லாம் தீர்ந்து, இடுப்பளவு பனியில் பட்டினி கிடந்தபோது, பனிக்கடியில் இருந்து தலைநீட்டிய இந்த இலைதான் அவர்களைக் காப்பாற்றியது. தல்சுவின் தாத்தாவும் அந்தக் கூட்டத்தில் ஒருவர். அதனால் அவர்கள் வீட்டில் ஒரு கட்டுப்பாடு உண்டு. இரண்டு இலை இருந்தால் ஒன்றை அறுக்கலாம், ஒன்றை விட்டுவிட வேண்டும். கிழங்கில் கை வைக்கவே கூடாது. நம்மைப் பிழைக்க வைத்ததை நாம் வேரோடு பிடுங்கினால் நாம் மனிதர்களா என்பார் தல்சு. மற்ற வீடுகளில் இந்த நியாயமெல்லாம் பார்ப்பதில்லை. ஆகவே கிட்டத்துச் சரிவுகளில் மியோங்கி அருகிப்போய், மனிதன் கால் வைக்க அஞ்சுகிற செங்குத்துப் பாறைகளில்தான் அது தழைத்தது. ஒவ்வொரு இளவேனிலிலும் தல்சுவும் மான்போக்கும் அங்கேதான் போனார்கள். ஒவ்வொரு இளவேனிலிலும் தீவில் எங்காவது ஒரு வீட்டில் இழவு விழுந்தது.

தல்சுவுக்கு இடுப்பு எலும்பு விலகியிருந்தது. அடியில் அடுப்பனல் ஓடுகிற கணகணப்பான தரையில் மல்லாந்து கிடந்தவருக்கு ஜோம்ரே கஞ்சி ஊட்டினாள். ஊட்டிக்கொண்டே கேட்டாள்.

"இனிமே ஏற மாட்டேன்னு சொல்லுங்க."

"கஞ்சியில உப்பு கம்மி."

"நான் என்ன கேக்குறேன், நீங்க என்ன சொல்றீங்க?"

தல்சுவுக்குக் காது நன்றாகத்தான் கேட்கும். மனைவி பேசும்போது மட்டும் அதற்கு ஏதோ வந்துவிடும். அண்ணனைப் பார்க்க வந்து உட்கார்ந்திருந்த தங்கை குன்னே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"சரி," என்றார் தல்சு. "ஒண்ணு செய். உன் கொல்லையில மியோங்கி முளைக்க வை. அந்த இலையைப் பறிச்சு என் தட்டுல போடு. அதைத் தின்ன அன்னிக்கே நான் மலையேறுறதை நிறுத்திடுறேன்."

குன்னே கைகொட்டிச் சிரித்தாள். வாசலில் நின்ற மான்போக்கும் சிரித்தான். மலை வளர்க்கிற பொருளைக் கொல்லையில் வளர்ப்பதாவது! கடலைக் கிணற்றில் ஊற்றி வைக்கிறேன் என்பது மாதிரி இருந்தது அவர்களுக்கு. ஜோம்ரே மட்டும் சிரிக்கவில்லை. கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

"சொன்ன சொல் மாற மாட்டீங்களே?"

"மாற மாட்டேன்."

கிழங்கைத் தோண்டிக் கொண்டுவந்து நட்டால் ஒரே வருடத்தில் வேலை முடிந்துவிடும். அதைச் செய்தால் கணவர் அந்த இலையைத் தொடமாட்டார் என்பது அவளுக்குத் தெரியும். ஆகவே விதைதான்.

ஊருக்குப் பின்னால் நிழலான ஒரு ஓடைப் பள்ளத்தில், முள்ளுக்குள் ஒளிந்து தப்பித்த சில செடிகள் இருந்தன. அந்தக் கோடையில் அவை வெள்ளையாகப் பூத்து, பூ முற்றி, மூன்று மூன்று அறைகளாய்ப் பிளந்து, உள்ளே கருமணி விதைகளைக் காட்டின. ஜோம்ரே அந்தப் பூத்தலைகளைக் கிள்ளி மடியில் கட்டிக்கொண்டு வந்தாள். வந்தவள் என்ன செய்தாள்? தீவுக்காரி என்ன செய்வாளோ அதைச் செய்தாள். காயப்போட்டாள்.

இந்தத் தீவில் கையில் கிடைத்ததை எல்லாம் காயப்போடுவார்கள். கணவாய் மீனை மூங்கில் குச்சியில் கோத்துக் காயப்போடுவார்கள், கடற்பாசியைக் காயப்போடுவார்கள், மலைக்கீரையை அவித்துக் காயப்போடுவார்கள். காய்ந்ததுதான் குளிர்காலத்துக்கு நிற்கும், ஈரமானது அழுகும். பிறந்ததிலிருந்து பார்த்துப் பழகிய பாடம் அது. ஜோம்ரே பூத்தலைகளைக் கணவாய்ப் பந்தலில் வரிசையாகக் கோத்துக் கட்டினாள். கடற்காற்றிலும் வெயிலிலும் அவை கணவாயோடு சேர்ந்து மொறுமொறுவென்று உலர்ந்தன. விதைகளை உதிர்த்து, மண்சாடியில் போட்டு, வாயைத் துணியால் கட்டி, பனிக்காலம் முழுக்கப் பத்திரமாக வைத்திருந்தாள். பனி உருகியதும் உருளைக்கிழங்கோடு சேர்த்து நல்ல வெயில்படும் இடத்தில் விதைத்தாள்.

உருளைக்கிழங்கு முளைத்தது. களை முளைத்தது. மியோங்கி முளைக்கவில்லை.

அதற்குள் தல்சு எழுந்து நடந்துவிட்டார். ஒரு கால் கொஞ்சம் இழுத்தது, அவ்வளவுதான். மான்போக் வாசலில் வந்து தொண்டையைச் செருமியதும் கயிற்றை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

"இந்தக் காலை வச்சுக்கிட்டா?" என்றாள் ஜோம்ரே.

"ஏறுறதுக்குக் கைதான் முக்கியம். காலு சும்மா கூட வரும்."

அன்று அவள் வீட்டில் இருப்புக் கொள்ளாமல் ஓடைப் பக்கம் போனாள். பள்ளத்தில் அவள் கிள்ளிய செடிகளை யாரோ கிழங்கோடு தோண்டிப் போயிருந்தார்கள். திட்டிக்கொண்டே திரும்பியவள், போன கோடையில் மடியை இறக்கி வைத்துத் தண்ணீர் குடித்த இடத்துக்கு வந்தாள். பாசி பிடித்த கல், அதையொட்டி மக்கிய இலைக்குவியல். அதன்மேல் பச்சையாக என்னவோ.

குனிந்து பார்த்தாள். நூல் கனத்தில் சில முளைகள். ஒவ்வொன்றும் முழங்காலை மடக்கி உட்கார்ந்ததுபோல் நடுவில் வளைந்திருந்தது. சிலவற்றின் நுனியில் கருமணி விதையின் ஓடு இன்னும் தொப்பியாக ஒட்டியிருந்தது. ஜோம்ரே ஒன்றை விரலால் லேசாக நசுக்கி முகர்ந்தாள். பூண்டு வாசனை.

மடியிலிருந்து தவறி விழுந்த விதைகள்! அவள் பொத்திப் பொத்தி வைத்ததெல்லாம் செத்திருக்க, கைதவறிப் போனது ஈரத்திலும் பனியிலும் கிடந்து உயிர்பிடித்திருக்கிறது. இதற்கு வெயில் ஆகாது, உலர்த்தல் ஆகாது. தாயை விட்டுப் பிரிந்ததும் ஈரமண்ணில் கிடக்க வேண்டும், ஒரு பனிக்காலம் அதன்மேல் நடந்து போக வேண்டும். யாரும் சொல்லித் தராத இந்தச் சங்கதியை அந்த நூல் முளைகள் அவளுக்குச் சொல்லின.

"அட என் அறிவே," என்று வாய்விட்டுச் சொல்லித் தலையில் அடித்துக்கொண்டாள். "உன்னையும் கணவாயையும் ஒண்ணா நெனச்சேனே!"

அந்த முளைகளும் தங்கவில்லை. அடுத்த வாரம் பனிநீர் பெருகி ஓடை அவற்றை அடித்துக்கொண்டு போய்விட்டது. முளைகளைக் கண்ட அன்று தல்சு பத்திரமாகத் திரும்பி வந்தார், கோணி நிறைய இலையோடும் ஒரு சிரிப்போடும். ஜோம்ரேக்கு அந்தச் சிரிப்பைப் பார்க்க ஆத்திரமாக வந்தது.

இனி விதை வேண்டுமென்றால் செங்குத்துப் பாறையில்தான் உண்டு. விதை முற்றுகிற கோடைக்கடைசியில் தல்சு கணவாய்ப் படகில் கடலுக்குப் போயிருந்தார். ஜோம்ரே மான்போக்கின் வீட்டுக்குப் போனாள்.

"என்னை மேல கூட்டிட்டுப் போ."

"எங்க அண்ணி?"

"நீங்க ரெண்டு பேரும் போற இடத்துக்கு."

மான்போக் பின்னால் நகர்ந்தான். "அண்ணி, அண்ணனுக்குத் தெரிஞ்சா என்னைக் குச்சியில கோத்துக் காயப்போட்டுருவாரு."

"நீ கூட்டிட்டுப் போகலைன்னா நான் தனியா போவேன். அப்ப என்ன செய்வாருன்னு யோசிச்சுக்கோ."

போனார்கள். இடுப்பில் கயிறு, மேலே மரத்தில் கயிறு, நடுவில் மான்போக்கின் பிரார்த்தனைகள். ஒரு இடத்தில் பாறையோடு பாறையாக ஒட்டிக்கொண்டு, மூச்சைப் பிடித்து, பக்கவாட்டில் நகர வேண்டியிருந்தது. ஜோம்ரே கண்ணை மூடிக்கொண்டாள். "கண்ணைத் தொறங்க அண்ணி, மூடினாத்தான் விழுவீங்க!" என்று அவன் அழாத குறையாகக் கத்தினான். கை எட்டிய இடத்தில் ஒரு வேர். அதைப் பிடித்து ஏறியதும் தரை சமமானது.

ஏறியவள் அப்படியே நின்றுவிட்டாள்.

பாறையின் மடியில் ஒரு தட்டு. மேலே மரங்களின் நிழல், பக்கத்தில் பாறையில் கசிகிற தண்ணீர். அந்தத் தட்டு முழுக்க, கண் போகிற மட்டும் மியோங்கி. இலைகள் மஞ்சளித்துப் படுத்துவிட்டன. தண்டுகள் மட்டும் நிமிர்ந்து, உச்சியில் பிளந்த கூடுகளும் கருவிதைகளுமாய், காற்று வரும்போதெல்லாம் ஒன்றையொன்று உரசி மெல்லச் சலசலத்தன. உதிர்ந்த விதைகள் அடியில் மக்கிய இலைகளுக்குள் போய்க்கொண்டிருந்தன. யாரும் விதைக்கவில்லை, யாரும் தண்ணீர் ஊற்றவில்லை. மனிதர்கள் இந்தத் தீவை எட்டிப் பார்ப்பதற்கு எவ்வளவோ காலம் முன்பிருந்தே அது இங்கே பூத்து, உதிர்ந்து, முளைத்துக்கொண்டிருந்திருக்கிறது. பசியோடு யாராவது வருவார்கள் என்று அதற்குத் தெரியுமா என்ன? அப்பால் கடல், கடலுக்கு அப்பாலும் கடல். ஜோம்ரேக்குக் கண்ணீர் வந்தது. ஏன் என்று கேட்டால் அவளால் சொல்ல முடிந்திருக்காது.

மான்போக் பக்கத்தில் வந்து நின்றான். இந்த ஒரு தடவை அவன் வாயை மூடிக்கொண்டிருந்தான்.

நனைத்த துணியில் விதைத்தலைகளைப் பொதிந்து கட்டிக்கொண்டாள். வேண்டிய அளவுக்குத்தான் கிள்ளினாள். இறங்கும்போது கண்ணை மூடவில்லை.

மான்போக்கின் வயிற்றில் ரகசியம் தங்காது. தல்சு கடலிலிருந்து திரும்பிக் கரையேறிய கையோடு அவருக்குச் சேதி போய்விட்டது. வீட்டுக்குள் நுழைந்தவர் காலணியைக்கூடக் கழற்றவில்லை.

"நீ மேல போனியா?"

"போனேன்."

"பைத்தியமா உனக்கு? அந்த எடம் எப்படின்னு தெரியுமா? கால் வழுக்கியிருந்தா? கயிறு அறுந்திருந்தா? நான் கடல்லேருந்து வந்து யாரைத் தேடுறது?"

பல்லைக் கடித்துக்கொண்டு இடுப்பு வலியைத் தாங்கிய மனிதர், சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஜோம்ரே அவரை நிதானமாகப் பார்த்தாள்.

"இப்பத் தெரியுதா?" என்றாள். "நீங்க ஒரு நிமிஷம் பட்டீங்க. நான் வருஷா வருஷம் படுறேன்."

தல்சு உட்கார்ந்தார். காலணியைக் கழற்றினார். அப்புறம் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"அந்தத் தட்டுக்குப் போனியா?"

"போனேன்."

"பார்த்தியா?"

"பார்த்தேன்."

"பார்த்தேன்னு சொல்ற. பின்ன எப்படி அங்க போகாதேன்னு என்னைச் சொல்ற?"

இதுநாள்வரை அவர் பிடிவாதத்தோடு மட்டும் மல்லுக்கு நின்றவளுக்கு, எதிரில் அந்த மலையே வந்து நிற்பது அன்றுதான் உறைத்தது. அதை ஜெயிக்க அவள் மடியில் இருந்தது ஒரு கைப்பிடி விதை.

வீட்டுக்கு வடக்கே, வெயில் எட்டிப் பார்த்துவிட்டு ஓடிவிடுகிற மூலையில், மேப்பிள் மரத்தடியில் பாத்தி போட்டாள். மலையில் பார்த்ததைப்போலவே மக்கிய இலையைச் சுமந்துவந்து கொட்டினாள். ஈரம் காயாத விதையைத் தூவி, இன்னும் கொஞ்சம் இலையால் மூடினாள். இலையுதிர்காலம் வந்தது, போனது. பாத்தியில் ஒரு அசைவும் இல்லை. முதல் பனி விழுவதற்குமுன் மனம் கேட்காமல் ஒரு ஓரத்தைக் கிளறினாள். விதை தொட்டதும் வரவில்லை, எதுவோ பிடித்து இழுத்தது. மெல்ல மண்ணை ஒதுக்கினாள். விதையின் ஒரு முனையைப் பிளந்துகொண்டு வெள்ளை வேர் ஒன்று நேராகக் கீழே இறங்கியிருந்தது.

மேலே இலை இல்லை, முளை இல்லை, ஒரு தடயம் இல்லை. ஊரெல்லாம் குளிருக்குக் கதவைச் சாத்துகிற நேரத்தில் இது மட்டும் இருட்டில் வேலையைத் தொடங்கிவிட்டிருக்கிறது. ஜோம்ரே அவசர அவசரமாக மண்ணை மூடினாள், தூங்குகிற குழந்தையின் போர்வையை விலக்கிப் பார்த்துவிட்டவள்போல.

பனி வந்து கூரைவிளிம்பைத் தொட்டது. வீட்டைச் சுற்றிக் கட்டிய நாணல் மறைப்புக்குள்ளேயே நடந்து, விறகெடுத்து, சமைத்து, நாட்களைத் தள்ளினார்கள். பனி உருகியதும் பாத்தியில் அதே மடித்த முழங்கால்கள், பச்சை நூல்கள், நுனியில் கருப்புத் தொப்பி. அவள் தல்சுவை இழுத்துவந்து காட்டினாள்.

"இதுவா? என் மீசை மயிரு இதைவிடக் கனம்," என்றார் அவர். சிரித்துக்கொண்டே மலைக்குப் போனார்.

கோடை பிறந்ததும் அந்த நூல்களும் மறைந்துவிட்டன. காய்ந்தன என்றுகூடச் சொல்ல முடியாது, இருந்த இடம் தெரியவில்லை. குன்னே மண்வெட்டியோடு வந்துவிட்டாள்.

"அண்ணி, செத்துப்போச்சுல்ல? நல்ல மண்ணு வீணாக் கெடக்கு. முள்ளங்கி போட்டுக்கிறேன்."

"மண்வெட்டி அதுல பட்டுது, உன் கையை ஒடிச்சிருவேன்."

"அம்மாடி! வெறும் மண்ணுக்கா இந்தக் காவல்?"

"வெறும் மண்ணில்ல. தூங்குது."

"தூங்குதா! எங்க அண்ணன் மலையிலேருந்து விழுந்ததுல உங்களுக்குத்தான் தலையில அடிபட்டிருக்கு போல."

குன்னே அதை ஊர் முழுக்கச் சொல்லிவிட்டாள். கிணற்றடியில் பெண்கள் ஜோம்ரேயைப் பார்த்தால், "உன் வெறும்மண்ணு நல்லா வளருதா?" என்று குசலம் விசாரித்தார்கள். அவளும் சளைக்காமல், "உன் புருஷன் மூளையைவிட வேகமா வளருது," என்று திருப்பிக் கொடுத்தாள். ஆனால் தனியாக இருக்கும்போது பயம்தான். செடிக்கு அவசரமில்லை. மலைக்கு அவசரமில்லை. அவளுக்கு மட்டும் ஒவ்வொரு இளவேனிலும் ஒரு கண்டம்.

மறு வருடம் ஒவ்வொன்றிலும் ஒரே இலை, புல்லின் அகலத்துக்கு. அதற்கு அடுத்த வருடமும் ஒரே இலைதான், கொஞ்சம் அகலமாக. அந்த வருடம் தல்சுவும் மான்போக்கும் மலையில் இருக்கும்போது மூடுபனி இறங்கியது. பொழுது சாய்ந்தும் இருவரும் திரும்பவில்லை. விடிந்ததும் ஜோம்ரே கொல்லைக்குப் போனாள். பாத்திக்கு முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்து, அந்த ஒற்றை இலைகளைப் பார்த்துக் கத்தினாள்.

"சீக்கிரம் வளர்ந்தா என்ன கேடு உங்களுக்கு? எல்லாத்துக்கும் ஒரு இலை, ஒரு இலை! அந்தாளு செத்தப்புறம் யாருக்கு வளரப் போறீங்க?"

இலைகள் அசையாமல் நின்றன. பனித்துளிகளைத் தாங்கிக்கொண்டு, அவை பாட்டுக்கு இருந்தன. கத்தி ஓய்ந்தபின் அவளுக்கே வெட்கமாகிவிட்டது. இவை யாருக்காகவும் வேகமாகப் போவதில்லை, யாருக்காகவும் நிற்பதுமில்லை. குடியேறியவர்கள் பசித்துக் கிடந்த வருடமும் இவை இதே கதியில்தான் வளர்ந்திருக்கும். அவற்றின்மேல் அவளுக்கு மரியாதை வந்தது, கோபத்தையும் மீறி. நடுப்பகலில் இருவரும் நனைந்த கோழிகளாக வந்து சேர்ந்தார்கள். பாறைப் பொந்தில் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டு இரவைக் கழித்தார்களாம். "அண்ணே குறட்டை விட்டாரு அண்ணி, பாறையே உருண்டுருமோன்னு பயந்துட்டேன்," என்றான் மான்போக். ஜோம்ரே இருவருக்கும் சூடாகச் சூப்பை ஊற்றிக் கொடுத்துவிட்டு, அடுப்பங்கரையில் போய் அழுதாள்.

அதற்கடுத்த குளிர்காலம் வயதானவர்களே வாய்பிளக்கும் அளவுக்குப் பனி கொட்டியது. இளவேனில் வந்தும் வீட்டுக்கு வடக்கே நாலு விரல் கனத்துக்குப் பனி உருகாமல் நின்றது. பருவம் தொடங்கிவிட்டது. தெற்குச் சரிவுகளில் மியோங்கி வந்துவிட்டதாகப் பேச்சு. தல்சு அன்று விடிகாலையில் கயிற்றை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, முதுகில் மாட்டும் மரச்சட்டத்தை எடுக்கக் கொல்லைப்பக்கம் போனார். மான்போக் வாசலில் நின்று கையைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"ஜோம்ரே!"

கொல்லையிலிருந்து வந்த குரல் சரியில்லை. பேர் சொல்லி அவர் அவளைக் கூப்பிட்டதே கிடையாது. "ஏய்", "இந்தா", "எங்க போய்த் தொலைஞ்ச", இவைதான் இத்தனை வருடமாக அவள் பெயர்கள். அவள் ஓடினாள். மான்போக்கும் ஓடிவந்தான்.

தல்சு பனியில் மண்டியிட்டிருந்தார். பாத்தி இருந்த இடம் முழுவதும் வெள்ளைப் பனி. அந்த வெள்ளையைத் துளைத்துக்கொண்டு, கருஞ்சிவப்புக் கூர்முனைகள் நூற்றுக்கணக்கில் நின்றன. பனியின் மேல்பட்டை இறுகிக் கண்ணாடியாகியிருந்தது. ஆளே ஏறி நின்றாலும் உடையாத அந்தப் பட்டையை, விரல் கனம்கூட இல்லாத இவை பிளந்திருந்தன. ஒவ்வொரு முனையைச் சுற்றியும் பனி சிறு கிண்ணமாக உருகி விலகி நின்றது. இலைக்குள்ளிருந்து ஏதோ ஒரு சூடு வந்து வழிவிடச் சொன்னாற்போல.

"இதென்ன இது?" என்றார் தல்சு.

"மியோங்கி. வேற என்ன?"

"இப்படியா வரும்?"

"உங்களுக்குத் தெரியாதா? எத்தனை கோணி அறுத்திருப்பீங்க!"

"அறுக்கத்தான் போவேன்," என்றார் அவர். "நான் போய்ச் சேரும்போது இலை விரிஞ்சு காத்துக்கிட்டிருக்கும். அறுப்பேன், கட்டுவேன், இறங்குவேன். அது பொறக்குறதை ஒரு நாளும் நான் பார்த்ததில்ல. எங்க தாத்தா இதைப் பார்த்திருப்பாரு. இப்படித்தான் பார்த்திருப்பாரு."

வெயில் கூரையைத் தாண்டி எட்டிப் பார்த்தது. ஒரு கூர்முனையின் உறை, அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, மெல்லப் பிளந்தது. உள்ளே இரண்டு இலைகள் ஒன்றையொன்று அணைத்துச் சுருண்டிருந்தன. இந்த வருடம் இரண்டு! ஜோம்ரே வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். தல்சு குனிந்து குனிந்து, மீசை பனியில் உரச, அந்தப் பிளவையே பார்த்தார். கடலில் புயலைப் பார்த்தவர், பாறையில் சாவைப் பார்த்தவர், எதற்கும் அசையாதவர் என்று ஊரில் பெயர் வாங்கியவர். கண் கலங்கியிருந்தது.

"அண்ணே, வெயில் ஏறுது. கிளம்பலாமா?" என்று மான்போக் இழுத்தான்.

தல்சுவின் காதில் விழவில்லை. இந்தத் தடவை நிஜமாகவே விழவில்லை.

இலைகள் விரியச் சில நாட்கள் பிடித்தன. அந்த நாட்களில் அவர் மலைக்குப் போகவில்லை. இன்று முதுகு வலி என்றார், நாளை காற்று சரியில்லை என்றார். காலையில் எழுந்ததும் கொல்லைக்குப் போய்க் குந்திக்கொள்வார். மான்போக்கும் தனியே போகப் பயந்து, வந்து பக்கத்தில் குந்திக்கொள்வான். மேப்பிள் மரத்தடியில் பனி கரைந்து, இலைகள் பாதிக் கை அகலத்துக்கு வந்தபோது, ஜோம்ரே கத்தியோடு போனாள். நன்றாகத் தேறிய ஒரு செடியில், இரண்டில் ஒரு இலையைப் பிடித்தாள். இதை அவர் தட்டில் போட்டுவிட்டால் தீர்ந்தது. இத்தனை வருடப் பயத்துக்கும் இந்த ஒரு வெட்டோடு விடுதலை.

தல்சு அவள் மணிக்கட்டைப் பிடித்தார்.

"வேணாம்."

"என்ன வேணாம்?"

"இந்த வருஷம் அறுக்க வேணாம். கைக்குழந்தை மாதிரி இருக்கு. இன்னும் ஒரு வருஷம் போகட்டும்."

ஜோம்ரேயின் கத்தி பிடித்த கை தானாகத் தாழ்ந்தது.

"தின்னாத்தானே நிறுத்துவேன்னு சொன்னீங்க," என்றாள். "தின்னாம இருந்தா மேல ஏறலாம்னு பார்க்குறீங்களா? இத்தனை வருஷம் கழிச்சு இப்படி ஒரு தந்திரமா?"

தல்சு அவளை ஏற இறங்கப் பார்த்தார். அவள் என்ன சொல்கிறாள் என்பது அவருக்குப் பிடிபடக் கொஞ்ச நேரம் ஆனது. பிறகு மரத்தை அண்ணாந்து பார்த்தார். கிளையில் இன்னும் ஒரு பொதி பனி தொங்கிக்கொண்டிருந்தது.

"அது அப்படியே சரிஞ்சு இது மேல விழுந்தா யாரு தடுக்குறது?" என்றார் எரிச்சலோடு. "இந்தக் குன்னே வேற மண்வெட்டியைத் தூக்கிக்கிட்டு அலையுறா. பச்சையா இருக்குதுன்னு காட்டுக்கோழி வந்து கொத்தும். இதையெல்லாம் போட்டுட்டு நான் எங்கடி மலைக்குப் போறது?"

சொல்லிவிட்டு மான்போக்கிடம் திரும்பினார். "அந்தக் கொம்பை எடு. பனியை அந்தப் பக்கமா உதறணும். மெதுவா, இலையில படாம."

ஜோம்ரே கத்தியை ஏப்ரனில் துடைத்தாள், துடைக்க அதில் ஒன்றும் இல்லை. அடுப்பங்கரைக்குப் போய்ப் பானையில் அரிசியைப் போட்டாள். மலையேறும் பருவத்தில், நாளைக்கு ஏறிவிடுவாரோ என்ற பயமில்லாமல், வாக்கப்பட்டு வந்த நாளிலிருந்து முதல்முறையாக, அந்த வீட்டில் மத்தியானச் சோறு தல்சுவுக்கும் சேர்த்து வெந்தது.